வீட்டு மூலையில் ஒரு ரயில் பாதை: மறைந்த தோட்டத்தை மீண்டும் பார்க்கலாம்

பொம்மை ரயில் என்றதும் பிள்ளைகள் இரண்டு நாள் விளையாடி உடைத்துப் போடும் பொருள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மாதிரி ரயில் பாதை அமைப்பது வேறு. ஓர் ஊரையும் அதன் நிலையத்தையும் மரங்களையும் ஒரே கணக்கில் சிறிதாக்கி, நடுவே ரயிலை ஓடவிடுவது அது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு கூடிய ரயில் தொகுதிகளை அறிமுகப்படுத்தியது. பிறகு இந்தப் பொழுதுபோக்கு உலகெங்கும் பரவியது. இந்தியாவின் புனே நகரில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகமும் தனிமனிதர் ஒருவரின் ஆர்வத்தில் பிறந்ததுதான்.

பேராக் தமிழர்களுக்கு இதில் கூடுதல் உரிமை உண்டு. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. இன்று அந்த ஊரின் பெயர் கோலா செப்பெத்தாங். அங்கே தண்டவாளம் இல்லை. பழைய பெயர்ப் பலகை நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது.

பல ரப்பர் தோட்டங்களுக்கு அந்தப் பலகைகூட மிஞ்சவில்லை. அந்த இடங்களில் இன்று செம்பனையோ வீடமைப்புப் பகுதியோ இருக்கிறது. லயங்கள் எத்தனை வரிசை, கோயில் எந்தப் பக்கம், பால் நிறுத்த எங்கே கூடுவார்கள் என்பதெல்லாம் முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. தாத்தா சொல்ல, பேரப்பிள்ளை அமைக்க, அந்த இடத்தை ஒரு பலகையின் மேல் கொண்டு வந்துவிடலாம்.

எதை அமைப்பது?

முழு ஊரையும் அமைக்க நினைப்பதுதான் முதல் தவறு. அந்த 13 கிலோமீட்டர் பாதையை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 150 மீட்டர் வரும். எந்த வீட்டில் அவ்வளவு இடம் இருக்கிறது? அதனால் ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய நிலையம், ஒரு பக்கத் தடம், தோட்டத்துக்குப் போகும் செம்மண் சாலை, இரண்டு வரிசை லயம். இவ்வளவு போதும்.

ஈப்போ நிலையம் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் அதற்கும் வழி உண்டு. ஹப்பேக் வடிவமைத்த அந்த வெள்ளை மாளிகையின் முகப்பை மட்டும் இரண்டு அங்குல ஆழத்தில் அட்டையால் செய்து சுவரோரம் நிறுத்தலாம். பார்ப்பவர் கண்ணுக்கு முழுக் கட்டடமாகவே தெரியும்.

எந்த அளவு?

பரவலாக உள்ளவை இரண்டு. 'எச்ஓ' என்பது 87இல் ஒரு பங்கு. 'என்' என்பது 160இல் ஒரு பங்கு. இருபது மீட்டர் ரயில் பெட்டி முதலாவதில் 23 சென்டிமீட்டர் இருக்கும், இரண்டாவதில் பன்னிரண்டரை. எச்ஓ ரயில் ஒரு வட்டம் திரும்பக் குறைந்தது நான்கடி அகலம் வேண்டும். என் அளவுக்கு இரண்டடி போதும். அடுக்குமாடி வீட்டுக்கு என் அளவு ஏற்றது. முதியவர்களின் கண்ணுக்கும் சிறுவர்களின் கைக்கும் எச்ஓ எளிது.

நம் நாட்டுத் தண்டவாளங்களின் இடைவெளி ஒரு மீட்டர். எச்ஓ கணக்கில் அது பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகும். ஆனால் கடையில் கிடைக்கும் வழக்கமான எச்ஓ தடத்தின் அகலம் பதினாறரை மில்லிமீட்டர். அது ஐரோப்பாவின் அகலமான பாதைக்கு உரியது. மீட்டர் பாதைக்கென்று பன்னிரண்டு மில்லிமீட்டர் தடமும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வழக்கமான தடத்திலேயே தொடங்கலாம். அந்த வேறுபாடு ஓட்டத்தைக் கெடுக்காது.

எப்படி ஓடுகிறது?

இரண்டு தண்டவாளங்களிலும் 12 வோல்ட் வரையிலான நேர்மின்சாரம் பாய்கிறது. சக்கரங்கள் வழியாக அது எஞ்சினில் உள்ள மோட்டாருக்குப் போகிறது. வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். மின்திசையை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். ஒரே தடத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்ட விரும்புவோருக்கு டிஜிட்டல் முறை இருக்கிறது. அதில் ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் சொந்த எண் கொண்ட சிறு சில்லு இருக்கும்.

நம் வெயிலும் ஈரப்பதமும் பலகையைப் பதம் பார்த்துவிடும். பிளைவுட்டின் மேலும் கீழும் ஓரங்களிலும் சாயம் பூசிவிட்டுத்தான் சட்டத்தில் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் பலகை வளையும், தடமும் கூடவே வளையும். தண்டவாள இணைப்புகளில் மெல்லிய இடைவெளி விடவேண்டும். காட்சிகளை ஒட்டுவதற்கு முன் வண்டியைச் சில நாள்கள் ஓட்டிப் பார்ப்பது நல்லது. மலையை ஒட்டிய பிறகு தடத்தில் பழுது தெரிந்தால் மலையையே பெயர்க்க வேண்டியிருக்கும்.

தோட்டம் உருவாகும் விதம்

கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளைப் பொருட்கள் பொதிந்து வரும் பாலிஸ்திரீன் கட்டிகளில் செதுக்கலாம். நீரில் கரையும் சாயமே பூசவேண்டும். ஸ்பிரே சாயம் கட்டியைக் கரைத்துவிடும். பழைய மின்கம்பியின் செப்பு இழைகளை முறுக்கினால் மரத்தின் தண்டும் கிளைகளும் கிடைக்கும். பஞ்சு மெத்தைத் துண்டுகளைத் துகளாக்கிப் பச்சைச் சாயத்தில் நனைத்து ஒட்டினால் இலை.

மரங்களை இறைத்தாற்போல் நட்டால் அது வெறும் காடு. நிரை பிடித்து நட்டால்தான் அது ரப்பர் தோட்டம். மரத்துக்கு ஒரு மங்கு, நிரை நடுவே காண்டா வாளி சுமக்கும் ஆள், தூரத்தில் புகைக்கூடம். எச்ஓ கணக்கில் ஓர் ஆளின் உயரம் 19 மில்லிமீட்டர்தான். பாட்டி பால் வெட்டப் போனபோது தலையில் துணியை எப்படிக் கட்டினார் என்று கேட்டுச் செய்தால், அந்தச் சிறிய உருவத்தைக்கூட வீட்டார் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஓட்டும் இன்பம்

வட்டமாகவே சுற்றினால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். காலை சரக்கு வண்டி வரவேண்டும், ரப்பர் ஏற்றும் பெட்டியைப் பக்கத் தடத்தில் விடவேண்டும், பயணிகள் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று கால அட்டவணை போட்டுக்கொண்டால் குடும்பமே சேர்ந்து ஓட்டலாம். ஒருவர் ஓட்டுநர், ஒருவர் நிலைய அதிகாரி. தண்டவாளத்தில் அழுக்குப் படிந்தால் வண்டி திக்கித் திக்கி ஓடும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

கடைசியாக, நிலையத்துக்குத் தோட்டத்தின் பெயரிலேயே தமிழில் ஒரு பலகை வையுங்கள். வேலையைத் தொடங்கப் பெரிய பணம் தேவையில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துத் தோட்டத்தை வரைந்து காட்டச் சொல்லுங்கள். பிளைவுட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.