ஒன்பது மணிக்குப் பிறக்கும் கம்ப்யூட்டர்

காலை 8:55. என் திரையில் ஒரு சர்வரின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்திருக்கிறது. இப்போதைக்கு அதில் இருப்பது சர்வருடைய சொந்த டிஸ்க் மட்டும். கொஞ்சம் பொறுங்கள்… இதோ, இன்னொரு டிஸ்க் வந்துவிட்டது! யாரோ லாகின் செய்துவிட்டார். அடுத்து இன்னொன்று. அதற்குள் இரண்டு சேர்ந்தாற்போல! ஒன்பதேகால் ஆவதற்குள் பதினைந்து இருபது டிஸ்க், மழை பெய்த மறுநாள் காளான் மாதிரி வரிசையாக முளைத்து நிற்கும். ஒவ்வொரு டிஸ்கும் ஒரு ஆள்.

எத்தனையோ வருஷமாக இதே வேலைதான் பார்க்கிறேன். இன்றைக்கும் அந்த வரிசை வளர்வதைப் பார்த்தால் கை தட்டத் தோன்றுகிறது. வாங்க, மேடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போகிறேன்.

எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிற டெஸ்க்டாப்பை உங்கள் அலுவலகத்தில் 'விடிஐ' என்பார்கள், 'சிட்ரிக்ஸ்' என்பார்கள், 'ஏவிடி' என்பார்கள். ஐகானைத் தட்டினால் ஒரு விண்டோஸ் டெஸ்க்டாப் திறக்கும். நீங்கள் வைத்த வால்பேப்பர், உங்கள் மெயில் கையெழுத்து, பிரவுசரில் சேர்த்துவைத்த புக்மார்க், நேற்று பாதியில் விட்ட எக்செல் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும். ஆனால் நேற்று நீங்கள் உட்கார்ந்திருந்த மெஷின் இன்றைக்கு உலகத்திலேயே இல்லாமல் இருக்கலாம்! பல இடங்களில் நீங்கள் லாகாஃப் செய்த உடனே அதைத் துடைத்துவிட்டு, 'கோல்டன் இமேஜ்' என்கிற ஒரே மூலப்பிரதியிலிருந்து புதிதாக ஒன்றைச் செய்துவைத்துவிடுவார்கள்.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று ஒரு குடும்பம், இன்று ஒரு குடும்பம். இடையில் கூட்டிப் பெருக்கி, நாற்காலியை எல்லாம் அடுக்கி, எந்த வீட்டுச் சுவடும் இல்லாமல் துடைத்து வைக்கிறார்கள். எங்களுக்கு இதில் பெரிய நிம்மதி ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டுகளை வெளியிடும். ஆயிரம் மெஷினில் ஏறி இறங்க வேண்டியதில்லை. அந்த ஒரு இமேஜில் போட்டுச் சோதித்துவிட்டால், அதிலிருந்து பிறக்கிற அத்தனை மெஷினும் அப்டேட்டோடுதான் பிறக்கும்.

சரி, மெஷின் புதுசு. அப்படியானால் உங்கள் வால்பேப்பர் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் என் உற்சாகமே ஆரம்பிக்கிறது. விண்டோஸில் 'நீங்கள்' என்பது ஒரு ஃபோல்டர். சி டிரைவில் யூசர்ஸ் என்று ஒன்று இருக்கும், அதற்குள் உங்கள் பெயரில் ஒன்று. அதில் என்டியூசர்.டாட் என்று ஒரு மறைந்த ஃபைல். எழுத்துரு அளவு, மவுஸ் வேகம், பல மென்பொருள்களில் நீங்கள் டிக் செய்த கட்டம் என எல்லாம் அதற்குள் இருக்கும். லாகின் நேரத்தில் விண்டோஸ் அந்த ஃபைலை ரெஜிஸ்ட்ரி என்கிற தன் பதிவேட்டில் ஏற்றிக்கொள்கிறது. இந்த ஃபோல்டரை நீங்கள் போகிற மெஷினுக்கெல்லாம் பின்னாலேயே கொண்டுவந்து சேர்ப்பதுதான் ப்ரொஃபைல் மேனேஜ்மென்ட். கேட்க எளிது. முப்பது வருஷத்துக் கதை அது!

விண்டோஸ் என்டி காலத்திலேயே 'ரோமிங் ப்ரொஃபைல்' இருந்தது. காலையில் ஃபைல் சர்வரிலிருந்து அந்த ஃபோல்டரை மெஷினுக்குக் காப்பி செய்யும். மாலையில் மாறியதையெல்லாம் திரும்பக் காப்பி செய்யும். அதாவது தினமும் வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுவந்து இறக்கி, சாயங்காலம் மறுபடி ஏற்றிக்கொண்டு போவது. ப்ரொஃபைல் பெருத்துவிட்டால் லாகினுக்கே பத்து நிமிஷம் ஆகும். இரண்டு மெஷினில் ஒரே நேரம் உட்கார்ந்தால், கடைசியாக லாகாஃப் செய்த மெஷின் எழுதியதே நிற்கும், முன்னது போனது போனதுதான். விண்டோஸ் வெர்ஷன் மாறினால் ப்ரொஃபைலின் அமைப்பும் மாறும். விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் வி2 என்று ஒட்டிக்கொண்டது, விண்டோஸ் 10-க்குள் அது வி6 வரை வந்துவிட்டது. இன்னொரு சங்கடமும் இருந்தது. உங்கள் ஃபோல்டரில் இருக்கிற ஆப்டேட்டாவுக்குள் 'லோக்கல்' என்கிற ஃபோல்டரை ரோமிங் ப்ரொஃபைல் தொடவே தொடாது. அவுட்லுக் தன் மெயில் பிரதியை வைத்திருப்பதோ அங்கேதான்! அதனால் துடைத்த மெஷினில் தினமும் காலையில் மெயில் முழுவதும் முதலிலிருந்து இறங்கும். ஐநூறு பேருக்கு ஒரே நேரத்தில் இறங்கினால் நெட்வொர்க் என்ன பாடுபடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலைகளை எங்கள் துறையில் 'லாகின் ஸ்டார்ம்' என்போம். புயலேதான்.

அப்புறம் வந்தது எஃப்எஸ்லாஜிக்ஸ். ஒரு சின்ன நிறுவனம் செய்த மென்பொருள். 2018 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. அதன் யோசனையை முதன்முதலாகக் கேட்டபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்: காப்பியே செய்யாதே!

உங்கள் ப்ரொஃபைல் முழுவதையும் ஒரே ஒரு ஃபைலுக்குள் வைத்துவிடுகிறார்கள். விஹெச்டிஎக்ஸ் என்று முடியும் அந்த ஃபைல், உள்ளுக்குள் ஒரு முழு ஹார்ட் டிஸ்க். அது நெட்வொர்க்கில் ஒரு ஷேரில் கிடக்கும். நீங்கள் பாஸ்வேர்டைத் தட்டியதும் சர்வர் அதை டிஸ்க்காக மாட்டிக்கொள்கிறது. காலையில் நான் பார்க்கிற காளான் வரிசை அதுதான். பிறகு எஃப்எஸ்லாஜிக்ஸின் ஃபில்டர் டிரைவர், சி டிரைவில் உங்கள் ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தை அந்த டிஸ்க்கோடு இணைத்துவிடும். அவுட்லுக் உட்பட எந்த மென்பொருளைக் கேட்டாலும், 'ஃபைலெல்லாம் சி டிரைவில்தானே இருக்கிறது' என்று சத்தியம் செய்யும்! லாரி வேண்டாம், சாமான் தூக்க வேண்டாம். வீட்டு அறையையே பெயர்த்து வந்து மண்டபத்தில் பொருத்திவிடுகிறார்கள். எத்தனை ஜிபி இருந்தாலும் மாட்டுவதற்கு ஆகிற நேரம் சில விநாடிதான். மாற்றாமல் விட்டால் ஒருவருக்கு 30 ஜிபி வரை இடம், ஆனால் நிரம்புகிற அளவுக்குத்தான் ஷேரில் இடம் பிடிக்கும். 2210 வெர்ஷன் முதல், லாகாஃப் நேரத்தில் காலி இடத்தைச் சுருக்கித் தருகிற வேலையையும் அதுவே செய்கிறது.

மென்பொருள் பக்கம் நடக்கிற வித்தையைச் சொன்னால் நம்புவீர்களா? கணக்குப் பிரிவுக்கு ஒரு மென்பொருள், வரைபடப் பிரிவுக்கு ஒன்று, மனிதவளத்துக்கு ஒன்று. ஆளுக்கொரு இமேஜ் செய்துகொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இமேஜில் போட்டுவிட்டு, தேவையில்லாதவருக்கு மறைத்துவிடுகிறோம்! இதற்கு 'ஆப் மாஸ்கிங்' என்று பெயர். எதை மறைப்பது என்று ஒரு சின்ன ரூல் ஃபைல், யாருக்கு மறைப்பது என்று இன்னொன்று. போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பிக்குச் செய்து காட்டினேன். அவன் திரையில் ஒரு மென்பொருளின் ஐகான் இருந்தது. நான் இரண்டு ஃபைலையும் ரூல்ஸ் ஃபோல்டரில் போட்டேன். கண் முன்னாலேயே ஐகான் காணாமல் போனது. ரீஸ்டார்ட் இல்லை, லாகாஃப்கூட இல்லை. ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் போய்த் தேடினான், அங்கேயும் இல்லை. "அண்ணே, அழிச்சுட்டீங்களா?" என்றான். அதே சர்வரில் உட்கார்ந்திருந்த பக்கத்து சீட்டுக்காரரின் திரையில் அது ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது!

மென்பொருளை இமேஜுக்குள் போடாமலே ஓட்டுகிற வழியும் இருக்கிறது. விஎம்வேர் 2014-இல் க்ளவுட்வால்யூம்ஸ் நிறுவனத்தை வாங்கி, 'ஆப் வால்யூம்ஸ்' என்று கொடுத்தது. மைக்ரோசாஃப்டின் வழிக்குப் பெயர் 'ஆப் அட்டாச்'. இரண்டிலும் மென்பொருள் தனி டிஸ்க் ஃபைலில் இருக்கும், தேவைப்படுகிறவருக்கு மட்டும் மாட்டப்படும். புது வெர்ஷன் வந்தால் ஃபைலை மாற்றினால் போதும். ஆளும் கழற்றி மாட்டுகிற பெட்டி, மென்பொருளும் கழற்றி மாட்டுகிற பெட்டி! இதைவிட அழகான ஏற்பாட்டை நான் எந்தத் துறையிலும் பார்த்ததில்லை.

இந்த அழகுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நாங்கள் வைத்திருக்கிற அமைப்பில் ஒரு ஆளின் பெட்டியை ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் பிடித்துக்கொள்ள முடியும்.

ஒருமுறை சில பேரைப் பழைய சர்வர் கூட்டத்திலிருந்து புதியதுக்கு ராத்திரியோடு ராத்திரியாக மாற்றினோம். காலையில் கணக்குப் பிரிவு அக்கா போன் செய்தார். "தம்பி, என் டெஸ்க்டாப்ல ஒண்ணுமே இல்லப்பா! ஆடிட் ஃபைல் எல்லாம் போச்சா?" குரலே நடுங்கியது. "அக்கா, ஒண்ணும் போகல. எதையும் சேவ் பண்ணாம அப்படியே சைன் அவுட் பண்ணுங்க" என்றேன். முந்தின மாலை அவர் லாகாஃப் செய்யாமல் விண்டோவின் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். பழைய சர்வரில் அவர் செஷன் விடிய விடிய உயிரோடு, அவருடைய பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. புது சர்வரால் அதை மாட்ட முடியாமல், விண்டோஸ் வெறுமையான ஒரு ப்ரொஃபைலைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டது. பழைய செஷனை முடித்தேன், அவர் மறுபடி உள்ளே வந்தார். "வந்துருச்சு தம்பி, எல்லாம் வந்துருச்சு!" அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று மாலையே ரெஜிஸ்ட்ரியில் இரண்டு மதிப்புகளை எல்லா சர்வரிலும் 1 ஆக்கினேன். 'ப்ரிவென்ட் லாகின் வித் ஃபெய்லியர்', 'ப்ரிவென்ட் லாகின் வித் டெம்ப் ப்ரொஃபைல்'. பெட்டி மாட்டவில்லையென்றால் உள்ளே விடாதே, காரணத்தைச் சொல்லி நிறுத்து என்று அர்த்தம். ஆளை வெற்று அறையில் உட்காரவைப்பதைவிட வாசலில் நிறுத்திச் சொல்வது எவ்வளவோ மேல். வெற்று அறையில் அவர் நாள் முழுக்க வேலை செய்திருந்தால், அந்த வேலை அவருடைய பெட்டிக்குள் போயே இருக்காது.

ஆகவே உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று மாலை கிளம்பும்போது அந்தப் பெருக்கல் குறியை அழுத்தாதீர்கள். ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, உங்கள் பெயரைத் தட்டி, சைன் அவுட் கொடுங்கள். உங்கள் பெட்டி ஒழுங்காக மூடிப் பத்திரமாகும். நாளைக் காலை 8:55-க்கு நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.