கடலுக்குப் போகலாமா, வேண்டாமா? வீராம்பட்டினம் ஒலிபெருக்கி முதல் வாட்ஸ்அப் வரை... மீனவர்களுக்குள் தகவல் பரவுவது எப்படி?

இன்னைக்குக் கடலுக்குப் போகலாமா, வேண்டாமா? புதுச்சேரி கடற்கரை கிராமங்களில் பொழுது விடியும் முன்பே எழும் கேள்வி இதுதான். ஒரு காலத்தில் கரையில் நின்று காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் பெரியவர்கள் பதில் சொன்னார்கள். இப்போது செல்போனைத் திறந்தால் அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கும் இடம், புயல் எச்சரிக்கை எல்லாமே வந்து விழுகின்றன.

தகவலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எது சரியான தகவல், அது சரியான நேரத்தில் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதில்தான் உயிரே அடங்கியிருக்கிறது. இந்தக் கேள்விக்கு இணையம் இந்தியாவுக்கு வந்த புதிதிலேயே ஒரு பதிலைக் கண்டுபிடித்த ஊர் புதுச்சேரியில் இருக்கிறது. அது எப்படி நடந்தது? இன்று நிலைமை என்ன? விரிவாகப் பார்ப்போம்.

வீராம்பட்டினத்தில் என்ன நடந்தது?

புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே, அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவ கிராமம் வீராம்பட்டினம். செங்கழுநீர் அம்மன் கோயில் ஆடித் தேரோட்டத்துக்குப் பேர் போன ஊர்.

1998ஆம் ஆண்டு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு புதுச்சேரி கிராமங்களில் ‘தகவல் கிராமம்’ என்ற ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். எம்பலம், வீராம்பட்டினம் போன்ற கிராமங்களில் அறிவு மையங்கள். தொலைபேசி இணைப்பே ஒழுங்காகக் கிடைக்காத காலம் அது. அதனால் வயர்லெஸ் கருவிகள் மூலம் மையங்களை இணைத்தார்கள். அடிக்கடி மின்வெட்டு என்பதால் சூரிய சக்தியையும் பயன்படுத்தினார்கள்.

விவசாய கிராமங்களில் மக்கள் கேட்டது நெல் விலையும் அரசுத் திட்டங்களும். கடற்கரை கிராமத்தில் கேட்டதோ அலை எவ்வளவு உயரம் எழும் என்பது.

அந்தத் தகவல் கிடைத்த இடம்தான் ஆச்சரியம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்காள விரிகுடாவின் அலை உயரம், காற்றின் திசை பற்றிய முன்கணிப்பு வரைபடம் வெளியாகும். வில்லியனூர் மையத்தில் அதை எடுத்து, தமிழில் சுருக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கடற்கரையில் உயரமான கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில் அது அறிவிக்கப்படும். வலை பின்னிக்கொண்டிருப்பவர் காதிலும் விழும், படகைத் தள்ளிக்கொண்டிருப்பவர் காதிலும் விழும்.

கணினி இருந்தது ஒரே ஒரு அறையில். தகவல் போனது மொத்த ஊருக்கும். எழுதப் படிக்கத் தெரியணும், ஆங்கிலம் தெரியணும் என்ற கட்டாயமே இல்லை. இந்தத் திட்டம் 2001இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதைப் பெற்றது.

2004 டிசம்பர் 26: நல்லவாடு தப்பியது எப்படி?

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம் ஆறு ஆண்டுகள் கழித்துத் தெரிய வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே கடலடியில் நிலநடுக்கம். சுனாமி அலை தமிழகக் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரமோ அதற்குச் சற்று அதிகமோ ஆனது. ஆனால் அன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு எதுவும் கிடையாது. தப்பிக்க நேரம் இருந்தும், அதைச் சொல்ல ஆளில்லை.

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். நிலநடுக்கச் செய்தியைப் பார்த்ததும் ஊரில் இருந்த வீட்டாருக்கு போன் செய்தார். கடல் தண்ணீர் ஊருக்குள் வருவதாக மறுமுனையில் சொல்ல, உடனே ஓடுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றார்.

அந்த ஊரிலும் ஓர் அறிவு மையம் இருந்தது. தினமும் கடல் நிலவரம் சொல்லும் ஒலிபெருக்கி அங்கேதான் இருந்தது. ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுத்தார்கள். சுமார் 3,600 பேர் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் நல்லவாடு மக்கள் உயிர் பிழைத்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எச்சரிக்கையை மக்கள் உடனே நம்பினார்கள். ஏன்? தினமும் அலை உயரம் சொன்ன அதே ஒலிபெருக்கி அது. சாதாரண நாளில் சரியாகச் சொன்னதால்தான் ஆபத்து நாளில் அதன் பேச்சு எடுபட்டது.

இப்போது மீனவர்களுக்குத் தகவல் தருவது யார்?

இன்று அமெரிக்க இணையதளத்தை நம்பியிருக்க வேண்டிய நிலை இல்லை. ஐதராபாத்தில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘இன்காய்ஸ்’ எனப்படும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கடல் நிலவரத்தை வெளியிடுகிறது. 2007 அக்டோபரில் இருந்து சுனாமி எச்சரிக்கை மையமும் அங்கேயே இயங்குகிறது. புயல், பலத்த காற்று பற்றிய மீனவர் எச்சரிக்கையை இந்திய வானிலை ஆய்வு மையம் தருகிறது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டும் அதன் அடிப்படையில்தான்.

இன்காய்ஸ் தரும் இன்னொரு முக்கியமான தகவல், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடம். இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

செயற்கைக்கோள்கள் கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் அளக்கின்றன. பச்சையம் அதிகம் என்றால் அங்கே நுண்பாசிகள் அதிகம். அதைத் தின்னச் சிறு மீன்கள் வரும், அவற்றைத் தின்னப் பெரிய மீன்கள் வரும். குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் இடங்களிலும் மீன் கூடும். இதைக் கணக்கிட்டு, குறிப்பிட்ட இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஆழத்தில் என்று அறிவிக்கிறார்கள்.

மேகம் மூடிவிட்டால் செயற்கைக்கோளால் பார்க்க முடியாது, அன்றைக்கு அறிவிப்பும் கிடைக்காது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் இந்தச் சேவை கிடையாது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் குவால்காம் நிறுவனத்தின் ஆதரவோடு உருவாக்கிய ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி இந்தத் தகவல்களை மீனவர்களின் கைக்கே கொண்டுவந்தது. அலை, காற்று, மீன் இருக்கும் இடம், கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கை என எல்லாம் அதில் உண்டு. வீராம்பட்டினம் ஒலிபெருக்கி சொன்னதை இப்போது அவரவர் போன் சொல்கிறது.

அப்படின்னா பிரச்சனையே இல்லையா?

இருக்கிறது. முதல் பிரச்சனை, மொழி. அறிவிப்பில் ‘வடகிழக்குத் திசையிலிருந்து மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில்’ என்று இருக்கும். மீனவர் பேச்சில் அது வாடை, கொண்டல், கச்சான். காற்றின் பெயரும் அது வீசும் திசையும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அறிவிப்பு ஆழத்தை மீட்டரில் சொல்லும், மீனவர் பாகத்தில் எண்ணுவார். ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர். இந்த மொழிமாற்றத்தைச் செய்ய கரையில் ஒரு மனிதர் வேண்டும். வில்லியனூரில் நடந்த வேலையே அதுதான்.

இரண்டாவது, எட்டும் தூரம். கரையை விட்டுச் சில கிலோமீட்டர் போனால் செல்போன் சிக்னல் போய்விடும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் இதைக் கொடுமையாகக் காட்டியது. கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் பலர் எச்சரிக்கைக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்களிடம் செய்தியைக் கொண்டு சேர்க்க வழியே இல்லை. பலர் திரும்பவில்லை.

அதன் பிறகு, 2019இல் இந்தியாவின் ‘ககன்’ செயற்கைக்கோள் அமைப்பு வழியாக எச்சரிக்கை பெறும் ‘ஜெமினி’ கருவி அறிமுகமானது. ஆனால் அது ஒருவழிப் பாதை. செய்தி வரும், பதில் அனுப்ப முடியாது. படகிலிருந்தும் செய்தி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டர் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

மூன்றாவது, நம்பகத்தன்மை. வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு போட்டால் நிமிடத்தில் பல ஊருக்குப் போய்விடும். இது பெரிய வசதி. ஆனால் போன வருடப் புயல் எச்சரிக்கையும் தேதி இல்லாமல் அதே வேகத்தில்தான் சுற்றும். இரண்டு முறை பொய்யானால், மூன்றாவது முறை உண்மையைச் சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நல்லவாட்டு ஒலிபெருக்கிக்கு இருந்த மரியாதை, யார் அனுப்பியது என்றே தெரியாத ஃபார்வர்டுக்கு இருக்காது.

எதைப் பகிர்வார்கள், எதைப் பகிர மாட்டார்கள்?

கடலில் ஆபத்து என்றால் போட்டி படகுக்கும் சொல்வார்கள். ஆனால் மீன் பட்ட இடத்தை அவ்வளவு எளிதில் சொல்ல மாட்டார்கள். கடலுக்கடியில் உள்ள பார் எங்கே இருக்கிறது என்பதைக் கரையில் தெரியும் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் அடையாளம் வைத்துக் குறித்துக்கொள்வது பழைய முறை. அந்த அடையாளம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்து மாதிரி. இன்று அது ஜி.பி.எஸ். எண்ணாக மாறிவிட்டது. எண்ணைப் பகிர்ந்தால் மறுநாள் அங்கே இருபது படகு நிற்கும். கிடைப்பது ஒவ்வொருவருக்கும் குறையும்.

இது சுயநலம் என்று ஒதுக்கிவிடக் கூடிய விஷயம் இல்லை. ஒரே இடத்தில் எல்லோரும் வலை விரித்தால் அந்த இடமே வெறுமையாகிவிடும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

விலைத் தகவல் வேறு மாதிரி. அதைப் பகிர்ந்தால் எல்லோருக்கும் லாபம். வட கேரளத்தில் 1997 முதல் 2001 வரை செல்போன் வந்த காலத்தில் மத்தி மீன் சந்தைகளைப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்தார். அதுவரை ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டிய அதே நேரத்தில் பக்கத்துக் கரையில் மீன் கிடைக்காமல் மக்கள் திரும்பிப் போனார்கள். கடலில் இருந்தே போன் போட்டு விலை கேட்கத் தொடங்கியதும் மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

மீனவர் அறிவுக்கு இடம் உண்டா?

தகவல் மேலிருந்து கீழே மட்டும் வருவதில்லை என்பதற்கு நல்ல உதாரணம் ‘கள்ளக்கடல்’. காற்று இல்லை, மழை இல்லை, ஆனால் கடல் திடீரென்று கரைக்குள் ஏறும். திருடனைப் போல வருவதால் கேரள மீனவர்கள் வைத்த பெயர் அது. தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் புயற்காற்று கிளப்பும் பேரலைகளே காரணம் என்று விஞ்ஞானிகள் பின்னர் விளக்கினார்கள். 2012இல் அந்தச் சொல்லையே அறிவியல் பயன்பாட்டுக்கு யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. இன்று இன்காய்ஸ் ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை வெளியிடுகிறது.

ராமநாதபுரம் மாவட்டம் பாம்பனில் 2016 முதல் ஒலிபரப்பாகும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலியும் இதே வழியில் போகிறது. மீனவர்களுக்காக நடத்தப்படும் அந்த வானொலியில் கடல் செய்தியும் அவர்கள் பேச்சும் ஒன்றாக ஒலிக்கின்றன.

மீனவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

* எச்சரிக்கைச் செய்தி வந்தால் முதலில் தேதி, நேரம், வெளியிட்டது யார் என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

* இன்காய்ஸ், வானிலை ஆய்வு மையம், மீன்வளத்துறை ஆகியவற்றின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

* பல நாள் தங்கி மீன் பிடிக்கப் போகும் முன், திரும்பும் நாள் வரைக்குமான முன்னறிவிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். போகும் திசையையும் திரும்பும் நாளையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

* செல்போனை மட்டும் நம்பாமல் வயர்லெஸ் கருவியும் உயிர்காப்பு உடையும் படகில் இருக்கட்டும்.

* கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும காவல்துறையின் 1093 ஆகிய எண்களை அழைக்கலாம்.

கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு கணினியும் நாலு ஒலிபெருக்கியும் செய்த வேலையை இன்று ஒவ்வொரு மீனவரின் போனும் செய்கிறது. ஆனாலும் புயல் நாளில் ஊர் பஞ்சாயத்தார் ஒலிபெருக்கியில் அறிவிப்பது இன்றும் நிற்கவில்லை. போன் பார்க்காதவர் காதிலும் அது விழும், சொல்வது யார் என்பதும் ஊருக்குத் தெரியும்.