விண்ணப்பமின்றி வரும் காலை ஆகாரம்

பண்டாரவளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே பொழுது நன்கு புலருமுன்பே தாய் பிரட்டுக்குப் புறப்பட்டாக வேண்டும். முன்னிரவிற் சுட்ட ரொட்டியும் ஒரு கோப்பை வெறுந்தேநீருமே பல பிள்ளைகளின் காலை ஆகாரம். அதுவும் கிட்டாத நாட்களுண்டு. குளிரில் மலைப்பாதை ஏறி வந்து வகுப்பில் அமரும் சிறுவனுக்கு ஆசிரியரின் குரலைவிட வயிற்றின் குரலே உரக்கக் கேட்கும். சுவர் இருந்தாலல்லவோ சித்திரம் எழுதலாம்?

இது வெறும் அனுதாபப் பேச்சன்று. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதிற்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தோர் நாடு முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 100க்கு ஏறக்குறைய 32 பேர். இந்தக் குழந்தைகளே பின்னர் நம் பாடசாலை வாயிலில் வந்து நிற்கின்றனர்.

முன்பு தெரிந்தெடுத்த பாடசாலைகளில் வழங்கப்பட்டு வந்த உணவு, 2024 மார்ச்சு மாதத்தில் அரசாங்கப் பாடசாலைகளின் 1 முதல் 5 வரையான வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் அடையும் நோக்குடன் விரிவாக்கப்பட்டது. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தமையால் நம் பிள்ளைகளும் இதற்கு உரியவர்களே.

இதற்கு எங்கே மனுக் கொடுப்பது என்று சில பெற்றோர் வினவுகின்றனர். 2023இல் ஆரம்பித்த அஸ்வெசும உதவிக்கு விண்ணப்பம் நிரப்பி, குடும்ப நிலையைக் காட்ட வேண்டியிருந்தது. பாடசாலை உணவுக்கோ அது தேவையில்லை. பிள்ளையின் பெயர் வகுப்பு இடாப்பில் இருந்தாற் போதும். இதன் சிறப்பும் இதுவே. ஏழ்மையை எழுதிக் காட்டினால்தான் சோறு என்றால், மானமுள்ள தாய் தயங்குவாள். தனித் தட்டேந்தும் பிள்ளை தோழர் முன் தலைகுனியும். எல்லோரும் ஒன்றாய் உண்ணுமிடத்தில் எவர் ஏழை என்று எவரும் கேட்பதில்லை.

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. 1920இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைமையில், ஆயிரம் விளக்குப் பாடசாலையில் மாணவர்க்குச் சிற்றுண்டி அளிக்க முற்பட்டது. 1956இல் காமராசர் மதிய உணவைத் தமிழ்நாடெங்கும் பரப்பினார். பசியால் படிப்பை விட்ட சிறுவரைப் பள்ளிக்கு மீட்பதே நோக்கம்.

தாய்மார் செய்ய வேண்டியவை சில உண்டு. பாடங்கள் தொடங்கும் காலைவேளையிலேயே உணவு பரிமாறப்படுவதால், பிள்ளையை நேரத்திற்கு அனுப்புங்கள். ஒவ்வாத பண்டம் இருப்பின் ஆசிரியரிடம் முன்னரே கூறுங்கள். பள்ளியில் உணவு கிடைக்கிறதென்று வீட்டுச் சோற்றைக் குறைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் சமைத்துத் தருபவர்கள் அவ்வூர்ப் பெண்களே. குறை கண்டால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பண்புடன் எடுத்துரையுங்கள்.

ஆறாம் வகுப்பிற்கு ஏறும் பிள்ளையையும் மறவாதீர்கள். தம்பி பள்ளியில் உண்ண, மூத்தவள் வெறும் வயிற்றோடு கணக்குப் போடலாகாது. கல்வியை இடையில் நிறுத்தும் ஆபத்து மிகுந்த பருவமும் அதுவே. அவளுக்கென ஒரு ரொட்டியை எடுத்து வைத்துவிட்டே பிரட்டுக்குப் புறப்படுங்கள்.