அயலாருக்கு மொழி கற்பித்தல் திருச்சபையின் பணியா?

தம்மிடையே வந்து குடியேறிய அயலாருக்குச் சபையார் ஊதியம் பெறாமல் மொழி கற்பிக்கும் வழக்கம் மேனாட்டுத் திருச்சபைகள் பலவற்றில் வேரூன்றியிருக்கிறது. ஞாயிறு பள்ளி அறையில் வாரம் ஒருமுறையோ இருமுறையோ ஆங்கில வகுப்பு நடைபெறும். வகுப்பு முடிந்தபின் ஒருவர் மருத்துவமனைச் சீட்டை நீட்டுவார். மற்றொருவர் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை நீட்டுவார். கற்பிப்பவர் அதனை வாசித்து விளக்குவார். பாடத்தைவிட இப்பின்னுரையே மாணவருக்கு அதிகம் பயன்படுகிறது எனினும் மிகையாகாது. இப்பணி நம் நாட்டுச் சபைகளுக்கும் பொருந்துமா, பொருந்துமாயின் எம்மொழியை யாருக்குக் கற்பிப்பது என்னும் வினாக்களைச் சங்கராபுரம் வட்டாரத்தை மனத்திற்கொண்டு ஆராய விரும்புகிறோம்.

இப்பணியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். பிலிப்பைன்ஸ் நாட்டின் லானாவோ பகுதியில் அருட்பணியாற்றிய பிராங்க் லாபக், மரனாவோ எனப்படும் இஸ்லாமிய மக்களிடையே 1930ஆம் ஆண்டளவில் எழுத்தறிவுப் பணி செய்துவந்தார். பொருளாதார மந்தத்தால் ஆசிரியருக்கு ஊதியம் தரப் பணம் இல்லாமற்போயிற்று. கற்றவர் ஒவ்வொருவரும் கல்லாத ஒருவருக்குக் கற்பிக்கவேண்டும் என்று அம்மக்களின் தலைவர் ஒருவரே முடிவு செய்தார். உலகெங்கும் பரவிய ‘ஒருவர் ஒருவருக்குக் கற்பித்தல்’ என்னும் முறை இவ்வாறு ஏழ்மையிற் பிறந்தது. அமெரிக்காவின் சிராகியூஸ் நகரில் ரூத் கால்வின் என்னும் அம்மையார், திருச்சபைப் பெண்களின் துணையோடு 1962இல் தொண்டர் எழுத்தறிவு இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர்க் குடியேறியோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியாகவும் விரிந்தது. அவர் தம் 107ஆம் வயதில், 2024இல் காலமானார். கனடாவில் 1979ஆம் ஆண்டில் மெனோனைட் சபையாரின் மத்திய குழு அரசோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்பின் எண்ணற்ற சபைகள் இந்தோசீன அகதிக் குடும்பங்களை ஓராண்டுக் காலத்திற்குப் பொறுப்பேற்று, உறைவிடத்தோடு மொழியையும் வழங்கின. 1979, 1980 ஆகிய ஈராண்டுகளில் அங்குக் குடியேறிய ஏறத்தாழ 60,000 இந்தோசீன அகதிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வாறு தனியாரால் ஏற்கப்பட்டவர்களே. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத்தமிழரை மீனவர் மீட்டுக் கரைசேர்த்ததும் அதே நாட்டில்தான்.

இவற்றை அறிந்த நம் வாலிபர் சங்கங்கள், ‘நாமும் ஓர் ஆங்கில வகுப்பு நடத்துவோம்’ என்று எழுவது இயல்பு. ஆயினும் சிராகியூஸில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்டமைக்குக் காரணம் அது உயர்ந்த மொழி என்பதன்று. அங்குக் கூலி கேட்கவும் கடையிற் பொருள் வாங்கவும் பயன்படும் மொழி அதுவே என்பதாம். இவ்வேறுபாட்டை மறந்தால் இப்பணியின் உயிரை விட்டு உடலை மட்டும் இறக்குமதி செய்தவராவோம்.

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். சங்கராபுரத்திற்கு மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. 2019இல் விழுப்புரத்தினின்று பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கிய இம்மலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று வந்து குடியேறியவர் என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. தன் தகப்பன் அலைந்து திரிந்த அரமேயன் என்று அறிக்கையிட்ட இஸ்ரவேலனைப் போல, இவர்களும் தம்மை வந்தேறிகளின் வழித்தோன்றல்களாகவே சொல்லிக்கொள்கின்றனர் என்பது கருதத்தக்கது. 1970களின் இடைக்காலம்வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் கூலியின்றி உழைத்த தலைமுறையினர் இன்னும் சிலர் உயிரோடிருக்கின்றனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. ஆயினும் மானாவாரி நிலம் ஆண்டு முழுவதும் சோறிடுவதில்லை. எனவே ஆண்டின் ஒரு பகுதியில் கேரளத்தின் மிளகுத் தோட்டங்களுக்கும் கருநாடகத்தின் காப்பித் தோட்டங்களுக்கும் குடும்பங்கள் இறங்கிச் செல்கின்றன. பெயரால் மலையாளியாயினும் இவர் பேசுவது தமிழே, மலையாளம் அறியார். கேரளத்தில் இவர் தம் குலப்பெயரைச் சொன்னால் எழும் குழப்பத்தைச் சொல்லவேண்டுவதில்லை.

வேறு சிலர் தரகரின் சொற்கேட்டு ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டச் செல்கின்றனர். என்ன வேலை என்று அறிந்து செல்வோரும் உண்டு. அறியாமற் செல்வோரும் உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கல்வராயன் மலையினரும் இத்தகைய வழக்குகளிற் சிக்கி ஆந்திரச் சிறைகளில் இருந்திருக்கின்றனர். மொழி அறிந்திருந்தால் இவர்கள் எல்லாத் தீங்குக்கும் தப்பியிருப்பர் என்று நாம் சொல்லவில்லை. வறுமையும் தரகனின் முன்பணமும் மொழியைவிட வலியவை. எனினும் தான் கைந்நாட்டு வைக்கும் தெலுங்குத் தாளில் எழுதியிருப்பது என்னவென்று அறியாத மனிதன் இருமடங்கு கட்டுண்டவன். தடுப்புக் காவலுக்கான காரணங்களை அடைபட்டவர் அறியும் மொழியிலேயே தெரிவிக்கவேண்டும், ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது போதாது என்று ஹரிகிஷன் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இலேயே தீர்ப்பளித்துள்ளது. இத்தகைய உரிமை ஒன்று உண்டு என்பதையாவது ஒருவர் அவர்களுக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

திருமறை இதுபற்றி யாது கூறுகிறது? அந்நியனைச் சிநேகிக்கவேண்டும் என்னும் கட்டளையை நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். மொழி மனிதனுக்கு உயிரும் மரணமுமாகும் பகுதிகளையோ மிகுதியாகத் தொடுவதில்லை. நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறையைக் கடக்க வந்த எப்பிராயீமர் ஒரு சொல்லின் முதலெழுத்தைச் சரியாக உச்சரிக்க இயலாமையால் வெட்டுண்டனர். மாண்டவர் 42,000 பேர் என்று நூல் கூறுகிறது. பேதுருவைப் பிரதான ஆசாரியனின் முற்றத்தில் காட்டிக்கொடுத்ததும் அவனுடைய கலிலேயப் பேச்சே. இதற்கு மறுதலையாக அப்போஸ்தலர் 21, 22ஆம் அதிகாரங்களைக் காண்க. கூட்டத்தார் பவுலை அடித்துக் கொல்ல முனைகையில் உரோமச் சேனாபதி அவரைக் கட்டிக் கோட்டைக்குக் கொண்டுபோகிறான். கலகஞ்செய்த எகிப்தியன் என எண்ணுகிறான். பவுல் கிரேக்கத்தில் அனுமதி கேட்டவுடன் அவன் வியந்து வினவுகிறான், எண்ணம் மாறுகிறது, பேச இடங்கொடுக்கிறான். பவுல் உடனே மக்களின் மொழிக்கு மாறுகிறார்; கூட்டம் அமைதியாகிறது. பின்னர்ச் சாட்டையடிக்கு முன் தம் குடியுரிமையை எடுத்துக்கூறி அடிக்குத் தப்புகிறார். அதிகாரியின் மொழியும் மக்களின் மொழியும் தம் உரிமை இன்னதென்னும் அறிவும் ஆகிய மூன்றும் அவரிடம் இருந்தன. நம் மலையினரிடம் இம்மூன்றில் ஒன்றேனும் உண்டா என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரமும் இங்குப் பொருந்தும். கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் புறக்கணிக்கப்பட்டபோது சபை தெரிந்துகொண்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. சிறுபான்மை மொழியினரின் குறையைத் தீர்க்க அம்மொழியினரையே பொறுப்பில் அமர்த்தியது ஆதிச் சபையின் அறிவு. எல்லாவற்றையும் நாமே போய்ச் செய்து முடிக்கவேண்டும் என்னும் நம் பழக்கத்தை அது கண்டிக்கிறது.

அப்படியாயின் பாடநூல் எது? இதற்குப் புதிய நூல் எழுதவேண்டும் என்று நாம் கருதவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் பற்றிய 1979ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய கைப்புத்தகம் ஒன்று தரவேண்டும் என்றது. வேலை செய்யும் இடமும் நிறுவனத்தின் பெயரும், வேலைக்காலம், கூலி விகிதமும் அது தரப்படும் முறையும், இடம்பெயர்வுப் படி, திரும்பிச் செல்லும் வழிச்செலவு, பிடித்தங்கள் ஆகியவை அதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும், தொழிலாளியின் மொழி வேறாயின் அம்மொழியிலும் எழுதப்படவேண்டும் என்றும் விதித்தது. இச்சட்டம் இப்பொழுது 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடங்கிவிட்டது. சட்டம் எவ்வாறு மாறினும் அக்கைப்புத்தகத்தின் ஆறு தலைப்புகளே நம் முதற்பாடம் ஆகலாம். கூலி எவ்வளவு, எப்பொழுது, எவ்வளவு பிடித்தம், வண்டிச் சத்தம் யார் தருவர் என்னும் வினாக்களை மலையாளத்திலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கேட்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். இவற்றோடு நோய், காயம், காவல் நிலையம், வக்கீல், ‘எனக்கு இம்மொழி தெரியாது, தமிழறிந்தவரை அழையுங்கள்’ என்னும் வாக்கியம் ஆகியவை சேர்ந்தால் நாற்பது ஐம்பது வாக்கியங்கள் தேறும். எழுத்து முறையைப் பின்னர்க் கற்பிக்கலாம். எண்களை மட்டும் முதலிலேயே கற்பிப்பது நலம்.

நம்மிடம் வருவோரையும் மறத்தலாகாது. கட்டிட வேலைகளிலும் உணவு விடுதிகளிலும் வடமாநில இளைஞரை இன்று தமிழ்நாடெங்கும் காண்கிறோம். இவர்களுக்குத் தேவைப்படுவது தமிழே. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அச்சத்தால் பலர் இரயிலேறி ஊர் திரும்பினர். உண்மையைக் கேட்டறிய அவர்களுக்கு ஒரு தமிழ் அண்டைவீட்டானும் இல்லை என்பதைவிட நமக்கு வேறு கண்டனம் வேண்டுவதில்லை. கேரள அரசின் எழுத்தறிவு இயக்கம் 2017இல் ‘சங்ஙாதி’ என்னும் திட்டத்தைப் பெரும்பாவூரில் தொடங்கி, ‘ஹமாரி மலையாளம்’ என்ற பாடநூலைக்கொண்டு வடநாட்டுத் தொழிலாளருக்கு மலையாளம் கற்பித்தது. திட்டத்தின் பெயருக்குத் தோழன் என்பது பொருள். சபை வைத்திருக்கவேண்டிய பெயரை அரசு வைத்துக்கொண்டது.

ஆங்கிலத்திற்கும் இடமுண்டு. பழைய விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்ப்புத்துப்பட்டு உட்பட நூற்றுக்கு மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களில் 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி சுமார் 58,000 ஈழத்தமிழர் வாழ்ந்துவந்தனர். அவர்களுக்குத் தமிழ் நாம் கற்பிக்கவேண்டுவதில்லை. அவர்களிடம் நாம் கற்கலாம். ஆனால் முகாமிற் பிறந்து பட்டம் பெற்ற பிள்ளை, விண்ணப்பங்களையும் வேலைவாய்ப்பையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்ள நேரிடுகிறது. அங்கு ஆங்கில வகுப்பு வீண் பெருமையன்று.

ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். வகுப்பை வலையாக்குவது தகாது. கூலிக் கணக்குக் கற்க வந்தவனிடம் சொல்லாமல் வேதபாடத்தைப் புகுத்துவது நற்செய்தியன்று, வஞ்சனை. நம் விசுவாசத்தை அவன் கேட்டால் மறைக்கவேண்டா. கேட்குமளவும் காத்திருக்க நம்மால் இயலவேண்டும். கற்பிப்பவன் தன்னை வள்ளலாகக் கருதுவதும் இதற்குக் குறையாத கேடு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் தண்ணீரைக் கேட்டார். எனவே ஒடியா இளைஞனுக்குத் தமிழ் கற்பிக்கும் தொண்டன், ஒவ்வொரு வகுப்பிலும் பத்து ஒடியாச் சொற்களைக் கற்றுக்கொள்ளட்டும் என்று விதிக்கலாம். தான் தடுமாறும்போதுதான் மாணவனின் நாணம் அவனுக்கு விளங்கும்.

யார் கற்பிப்பது என்பதில் பட்டதாரிகளை மட்டும் நாடவேண்டா. பத்து மிளகுப் பருவங்களைக் கேரளத்திற் கழித்த மலைவாழ் பெண்ணுக்கு எந்த இறையியல் மாணவனைக் காட்டிலும் தோட்டத்து மலையாளம் தெரியும். அவளையே ஆசிரியையாக்கி, சபை கரும்பலகையையும் விளக்கையும் தரட்டும். வேலைக்குச் செல்வோரின் பெயர், தரகரின் பெயர், செல்லும் இடம் ஆகியவற்றைக் குறித்து வைக்க ஒரு பேரேட்டையும் தரட்டும். ஒருவர் திரும்பாவிடில் எங்குத் தேடுவது என்பதற்கு அது ஒன்றே ஆதாரமாகும். மிளகுப் பறிப்பும் காப்பிப் பறிப்பும் கார்த்திகை, மார்கழியிலிருந்து தொடர்வதால், வகுப்பு ஆவணி, புரட்டாசியிலேயே தொடங்கவேண்டும். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று காத்திருப்போமாயின் வகுப்பிற்கு வருவதற்கு மலையில் முதியோரும் சிறுபிள்ளைகளுமே மிஞ்சியிருப்பர்.