கறுத்துப்போன முகமும் ‘ரா’ கோப்பும்

மாணவர்களே, பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் நீங்கள் எடுத்த படங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். வெள்ளைச் சட்டை பளீரென்று இருக்கும். வானம் வெளுத்திருக்கும். ஓடுகிறவரின் முகம் மட்டும் கரிய நிழலாகத் தெரியும். அவர் யார் என்பதைச் சட்டையில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதற்குக் கேமராவின் விலையை மட்டும் குறை சொல்ல முடியாது. தஞ்சோங் மாலிம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 4 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் மதியம் 1 மணி கடந்த சற்று நேரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். மற்ற மாதங்களிலும் அதிகம் விலகாது. நெற்றியில் விழும் வெயில் கண்களுக்குக் கீழே இறங்காது. இதோடு கேமராவின் ஒளி அளவி, தான் பார்க்கும் காட்சியைச் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலும். பின்னால் பிரகாசமான வானம் இருந்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். அதில் முதலில் மறைவது நம்மைப் போன்ற மாநிற, கறுப்பு நிற முகங்கள்தாம்.

முகம் உண்மையிலேயே தொலைந்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் சென்சார் அதைப் பதிவு செய்திருக்கும். படம் கோப்பாக மாறும்போதுதான் அது தொலைகிறது.

சென்சாரில் கோடிக்கணக்கான நுண்ணிய ஒளிக்கிண்ணங்கள் உள்ளன. ஒளி விழுந்தால் அவற்றில் எலெக்ட்ரான்கள் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்பதைக் கேமரா எண்ணாக மாற்றுகிறது. 14 பிட் கேமராவில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் 16,384 ஒளிப்படிகள் கிடைக்கும். கிண்ணங்களுக்கு நிறம் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஒரு வடிகட்டி இருக்கும். பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்த இந்த அமைப்புக்கு 1976இல் காப்புரிமை கிடைத்தது. இன்று உங்கள் கைப்பேசியில் இருப்பதும் பெரும்பாலும் இதுவோ இதன் வழித்தோன்றலோதான்.

அந்த எண்களை ஏறத்தாழ அப்படியே சேமித்தால் அது ‘ரா’ கோப்பு. கேமராவே நிறத்தைத் தீர்மானித்து, வெளிச்சத்தைச் சரிக்கட்டி, ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளாகக் குறைத்து, கண்ணுக்குத் தெரியாது என்று கருதும் நுணுக்கங்களை நீக்கிச் சுருக்கித் தந்தால் அது ‘ஜேபெக்’.

தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். மங்கில் வடிந்த ரப்பர் பாலைக் கையுறையாகவும் செய்யலாம், பலூனாகவும் செய்யலாம். அமிலம் ஊற்றி உறையவைத்து, தகடாக்கிப் புகையில் காயவைத்த பிறகு அது மறுபடி பாலாகாது. ‘ரா’ என்பது மங்கில் இருக்கும் பால். ஜேபெக் புகையில் காய்ந்த தகடு.

எனவே வெயில் திடலில் ‘ரா’வில் எடுக்கும்போது வெள்ளைச் சட்டையைக் கவனித்து வெளிச்சத்தை அமையுங்கள், முகத்தைப் பார்த்து அல்ல. காரணம் எளிது. ஒளிக்கிண்ணம் நிரம்பி வழிந்துவிட்டால் அதற்கு மேல் வந்த ஒளிக்குக் கணக்கே இல்லை. வெளுத்துப்போன சட்டையில் மடிப்பையும் எண்ணையும் ‘ரா’வாலும் மீட்க முடியாது. இருட்டான முகத்தைக் கணினியில் நான்கு மடங்கு வெளிச்சமாக்கலாம். அதோடு இரைச்சல் எனப்படும் புள்ளிப்புள்ளியான குறையும் நான்கு மடங்காகும் என்பது உண்மை. ஆனாலும் முகம் இருக்கும்.

மீட்க முடியாத இன்னொன்று அசைவு மங்கல். டாக்டர் மணி ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்றது. சராசரி வேகத்தைக் கணக்கிடுங்கள்: விநாடிக்கு ஏறக்குறைய 9.6 மீட்டர். ஷட்டர் 1/100 விநாடி திறந்திருந்தால் அதற்குள் அவர் 9.6 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். 1/1000 என்றால் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. முன்னே வீசும் கால் உடலைவிட வேகமாகப் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூப்பந்து இதைவிடக் கடினம். இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் 2023இல் சோதனைச் சூழலில் அடித்த இறகுப்பந்து, மட்டையை விட்டபோது மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. 1/1000 விநாடியில் அது சுமார் 16 சென்டிமீட்டர் போய்விடும். அது பந்தின் நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மண்டபத்துக்குள் இன்னொரு தொல்லையும் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய மண்டப விளக்குகள் பல விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண் அதை உணராது, 1/1000 விநாடி ஷட்டர் உணரும். அடுத்தடுத்த படங்களில் ஒன்று மஞ்சளாகவும் மற்றொன்று பச்சையாகவும் வருவது அதனால்தான். ‘ரா’வில் வெண்சமநிலை இன்னும் முடிவாகாததால் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே சரிசெய்யலாம். ஒரே படத்துக்குள் பட்டைபட்டையாக நிறம் மாறியிருந்தால் அது வேறு கதை. அதை நீக்குவது சிரமம்.

இவ்வளவு நன்மை இருந்தும் தொழில்முறை விளையாட்டுப் படக்காரர்கள் பலர் ஜேபெக்கில்தான் எடுக்கிறார்கள். ஒரு ‘ரா’ படம் 25 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 10 படம் எடுக்கும் கேமரா ஒரே விநாடியில் 250 மெகாபைட்டை விழுங்கும். அதன் தற்காலிக நினைவகம் நிரம்பியதும் கேமரா திணறி நிற்கும், பெரும்பாலும் ஓட்டக்காரர் முடிவுக்கோட்டைத் தொடும் நேரம் பார்த்து! 100 மீட்டர் முழுவதும் பொத்தானை அழுத்தாதீர்கள். கடைசி 10 மீட்டருக்குக் காத்திருங்கள்.

கைப்பேசியிலும் பல மாடல்களில் ‘புரோ’ முறையில் ‘ரா’ உண்டு. அதில் எடுத்த படம் முதலில் மங்கலாகவும் புள்ளியாகவும் தெரியும். பயப்பட வேண்டாம், பல படங்களைச் சேர்த்து மெருகேற்றும் வேலையைக் கைப்பேசி அதில் செய்யவில்லை, அவ்வளவுதான். முகத்தை வழவழப்பாக்கி வெளுப்பாக்கும் ‘அழகு’ வித்தையும் அதில் இல்லை. என்னைக் கேட்டால், அதுவே பெரிய ஆதாயம். டார்க்டேபிள், ரா தெரப்பி போன்ற இலவச மென்பொருள்களில் நிழலைத் தூக்கும்போது, திடலில் கண் பார்த்த நிறம் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் நீங்கள் மீட்பது நண்பரின் முகமாக இருக்காது.

எங்கே நிறுத்துவது என்ற கேள்வி பெரியவர்களையும் விடவில்லை. 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ‘ரா’விலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம் என்று தன் சுயாதீனப் படக்காரர்களிடம் கேட்டுக்கொண்டது. கேமரா தந்த ஜேபெக்கையே கேட்டது. செய்தி வேகமாக வர வேண்டும், படத்தில் கைவைக்கும் வாய்ப்பும் குறைய வேண்டும் என்பது அதன் வாதம். அதே ஆண்டு வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டி எதிர்த்திசையில் நடந்தது. இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்தவர்களிடம் கேமராவின் மூலக் கோப்புகளை வாங்கி, அனுப்பிய படங்களோடு ஒப்பிட்டது. அந்தச் சுற்றின் படங்களில் ஐந்தில் ஒரு பங்கு நீக்கப்பட்டது. எதையாவது சேர்த்தோ அழித்தோ இருந்தார்கள். உங்கள் படத்தில் பக்கத்துத் தடத்து ஓட்டக்காரரை அழித்தால் அதையும் இதே முறையில் கண்டுபிடிக்கலாம். திருத்தும் மென்பொருள் பொதுவாக ‘ரா’ கோப்பிலுள்ள எண்களை மாற்றாது, உங்கள் திருத்தங்களைப் பக்கத்தில் வேறு கோப்பில் எழுதி வைக்கும். ஆகவே நல்ல படம் கிடைத்த பிறகும் மூலக் கோப்பை நீக்காமல் ஒரு பிரதி வைத்திருங்கள்.