எல்லையோரச் சிறு சபையில் ஒரு சுதந்திர தினம்

போன சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் குழு அன்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், அடுத்த இதழுக்கு ஏதாவது எழுதுங்கள். ரயில் கதை மட்டும் வேண்டாம், ஏற்கனவே நிறைய வந்துவிட்டது" என்றார். முப்பத்தெட்டு வருடம் தண்டவாளத்தோடு குடித்தனம் நடத்தியவனிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? யோசித்ததில் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 நினைவுக்கு வந்தது. எங்கள் பாதையில் பாசஞ்சர் வண்டியே ஓடாத காலம் அது. ஆகவே ரயில் அதிகம் குறுக்கிடாது என்று உறுதி கூறுகிறேன்.

நான் 2019இல் ஓய்வு பெற்று, குடிபாலா பக்கம் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு குடியேறினேன். சித்தூரிலிருந்து வேலூர் போகிறவர்களுக்குக் குடிபாலாவைத் தெரிந்திருக்கும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடி. அங்கிருந்து தமிழ்நாடு. எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்குள் தமிழ், கடையில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். 1911 வரை சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போனது. எல்லை வழக்கு நடந்து, 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. நாங்கள் திரும்பவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சின்ன தேவாலயம் இருக்கிறது. ஓட்டுக் கூரை, ஒரு மணி, நாற்பது குடும்பம். ஊர்ப் பெயர் போட வேண்டாம் என்று சபையார் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்கட்டர் சகோதரர்கள் 1853இல் ஆற்காடு மிஷனை அமைத்தார்கள். சித்தூர் அதன் தொடக்க கால நிலையங்களில் ஒன்று. பம்பாய்க்கும் தானேவுக்கும் இடையே நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியதும் அதே 1853இல்தான். (ஒரு வரிதானே, மன்னிக்கவும்.) வேலூர் மருத்துவமனையை 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கட்டர் அந்தக் குடும்பத்துப் பெண். எங்கள் பக்கத்துச் சபைகள் பலவும் அந்த மிஷன் வழியே வந்தவை. ஆராதனை இன்றும் தமிழில்தான்.

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் ஊரில் கப்பி, குழாய், மோட்டார் எது நின்றாலும் "இஞ்சினியர் சாரைக் கூப்பிடு" என்பார்கள். டிப்ளமோ படித்தவனுக்கு அவ்வளவு மரியாதை கிடைப்பது கிராமத்தில்தான்.

2020 எப்படிப்பட்ட வருடம் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் எல்லையோரத்தில் இருந்தவர்கள் பட்டது தனி. அந்த ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்ட நிர்வாகம் பொன்னை அருகே ஒன்றும், குடியாத்தம் – பலமனேர் சாலையில் சைனகுண்டாவில் ஒன்றுமாக, நடுச்சாலையில் சுவரே எழுப்பிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டொரு நாளில் இடித்தார்கள். சுவர் போனாலும் இ-பாஸ் இருந்தது. இந்தச் சபையில் பாதிக் குடும்பங்களுக்குக் காட்பாடிப் பக்கம்தான் பெண் கொடுத்து, பெண் எடுத்த இடம். வேலையும் அந்தப் பக்கம்தான். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்குப் போனவர்கள், வேலூரில் கொத்து வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் மூன்று நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ரேஷனில் ஆளுக்கு ஐந்து கிலோ தானியம் இலவசமாக வந்தது. அதனால் அடுப்பு எரிந்தது. ஜூன் 8ஆம் தேதிக்குப் பிறகு கோயில்களைத் திறக்கலாம் என்றாலும் காணிக்கைத் தட்டில் பெரிதாக ஒன்றும் விழவில்லை. உபதேசியாருக்குச் சம்பள பாக்கி. ஜூலையில் சபையைச் சேர்ந்த ஒரு பெரியவர் கொரோனாவில் இறந்தார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்த மகளால் முகம் பார்க்க வர முடியவில்லை.

இந்த நிலையில்தான் ஆகஸ்டு முதல் வாரம் உபதேசியார் என் வீட்டு வாசலில் நின்றார். ஆண்டுதோறும் கோயில் வளாகத்தில் கொடி ஏற்றுவார்கள், பிள்ளைகளுக்கு மிட்டாய், சுண்டல் உண்டு. அந்த வருடம் வேண்டுமா வேண்டாமா என்று சபையாரிடையே வாக்குவாதம். "துக்க வீடு காயவில்லை, கொடி எதற்கு?" என்பது ஒரு கட்சி. "நாம் மட்டும் ஏற்றாவிட்டால் வெளியே ஒரு மாதிரி பேசுவார்கள்" என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது காரணம் எனக்குச் சங்கடமாக இருந்தது. அயலாருக்கு நிரூபிக்கவா ஒருவர் கொடி ஏற்ற வேண்டும்?

சரித்திரத்தைப் பார்த்தால் அந்த அவசியம் துளியும் இல்லை. திருப்பத்தூரில் 1921இல் டாக்டர் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் கதர் கட்டியவர்கள். அங்கேயுள்ள ஜெபாலயம் கோபுரத்தோடு நம் கோயில் போலவே இருக்கும், போய்ப் பாருங்கள். 1932இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில், கதர் உடுத்தி நின்ற பேட்டனைப் போலீசார் தடியால் அடித்து, சாயத் தண்ணீரையும் பீய்ச்சினார்கள். வெள்ளைக்காரரை வெள்ளைக்காரர் ஆட்சியே அடித்தது! காந்தியப் பொருளாதாரத்துக்கு உழைத்த ஜே.சி. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர். அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவராக இருந்தவர் எச்.சி. முகர்ஜி என்ற வங்காளக் கிறிஸ்தவர். தென்னிந்தியத் திருச்சபை உருவானதே 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, சுதந்திரம் கிடைத்த நாற்பத்து மூன்றாம் நாள்.

இதையெல்லாம் உபதேசியாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி சார், கம்பம் துருப்பிடிச்சிருக்கு, வந்து பாக்குறீங்களா?" என்றார்.

போய்ப் பார்த்தேன். இரண்டு அங்குல இரும்புக் குழாய், அடியில் கான்கிரீட் பெயர்ந்திருந்தது. மேலே கப்பி இறுகிப்போய்ச் சுற்றவே மாட்டேன் என்றது. கயிறு இற்றுவிட்டது. கம்பத்தைச் சாய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கப்பியைக் கழற்றி, கிரீஸ் வைத்து மாட்ட ஒரு பகல் ஆயிற்று. துணைக்கு வந்தவர் அந்த வேலையில்லாத கொத்தனார்களில் ஒருவர். கூலி பேசவில்லை. "கைய மறந்துடப் போவுதுன்னு பயமா இருந்துச்சு சார்" என்றார்.

நாங்கள் வேலை செய்ததைத் திண்ணையிலிருந்து ஒரு பாட்டியம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எண்பது தாண்டியவர். வாக்குவாதம் அங்கேயும் தொடர்ந்தபோது அவர்தான் முடித்து வைத்தார். "மொதல் மொதல்ல ஏத்தினப்போ நான் சின்னப் பொண்ணு. அந்த வருசம் மட்டும் வயிறு ரொம்பிச்சா? அரிசிக்கு ரேசன், துணிக்கு ரேசன். எங்கப்பா கிழிஞ்ச வேட்டியோட வந்து நின்னாரு. கொட்டி முழக்காட்டிப் போவுது, ஏத்துங்கடா" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

ஆகஸ்டு 15 சனிக்கிழமை. ஆந்திராவில் ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம், பத்தாயிரம் என்று தொற்று எண்ணிக்கை போய்க்கொண்டிருந்த வாரம். சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வீட்டுக்கு ஒருவர் என்று நிறுத்தினார்கள். வயதானவர்கள் வர வேண்டாம் என்று சொல்லியும் பாட்டியம்மா முகக்கவசத்தோடு வந்து முதல் வட்டத்தில் நின்றுகொண்டார். யார் துணிந்து அனுப்புவது? மிட்டாய்க்கும் சுண்டலுக்கும் ஆகும் பணத்தில் பருப்பும் எண்ணெயும் வாங்கி, மிகவும் கஷ்டப்பட்ட ஒன்பது வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அதில் இரண்டு வீடுகள் சபையைச் சேர்ந்தவை அல்ல.

ஒரு சிறு விஷயம், பலருக்குத் தெரிவதில்லை. குடியரசு தினத்தில் கொடியை மேலேயே முடிந்து வைத்து விரிப்பார்கள். சுதந்திர தினத்தில் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். ஆகவே அன்று கப்பி ஓடியே ஆக வேண்டும். ஓடியது. ஜூலையில் இறந்த பெரியவரின் மகன்தான் கயிற்றை இழுத்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த அவன் அக்காவுக்கு யாரோ செல்போனில் வீடியோ காட்டிக்கொண்டிருந்தார்கள். தேசிய கீதம் பாடினோம். அதற்கு இன்றுள்ள மெட்டு முறைப்பட்டதில் நம் பகுதிக்கும் பங்குண்டு. 1919இல் மதனப்பள்ளிக்கு வந்து தங்கிய தாகூர் அந்தப் பாட்டை அங்கேதான் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கல்லூரி முதல்வரின் மனைவி மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதற்கு இசைக்குறிப்பு எழுதினார்.

பிறகு பத்து வயதுச் சிறுமி ஒருத்தி வேதாகமத்திலிருந்து ஒரு பகுதி வாசித்தாள். சுத்தமான தமிழ் உச்சரிப்பு. எட்டிப் பார்த்தால் கையிலிருந்த நோட்டில் இருந்தது தெலுங்கு எழுத்து. பள்ளியில் தமிழ் கிடையாது, அதனால் தாயார் சொல்லச் சொல்ல அவள் தெலுங்கில் எழுதிக்கொண்டாளாம். எனக்குத் தொண்டையை அடைத்தது. நம் சங்கம் பட்டிமன்றத்துக்கும் பொன்னாடைக்கும் செலவிடுவதில் கால் பங்கை ஒரு எழுத்து வகுப்புக்குச் செலவிட்டால் என்ன என்று அன்றே கேட்க நினைத்தேன். இப்போது கேட்கிறேன். செயலாளர் கோபிக்கக் கூடாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு உபதேசியாரும் நானும் மட்டும் திரும்பப் போனோம். சூரியன் மறையுமுன் இறக்கிவிட வேண்டும் என்பது அப்போதிருந்த விதி. இரவிலும் பறக்கலாம் என்று திருத்தியது 2022இல்தான். கொடியை மடித்து, வேதாகமம் வைக்கும் அலமாரியிலேயே அவர் வைத்தார். நான் கம்பத்தடியில் நின்று கப்பியை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தேன். சித்தூர் பஜாரில் அவசரத்துக்கு வாங்கிய நைலான் கயிறு அது. வெயிலில் இரண்டு வருடம்கூடத் தாங்காது என்று அப்போதே சொன்னேன். இன்னும் அதே கயிறுதான் தொங்குகிறது.