விதைக் கடலை உடைக்க முதியோர்

லேசான மறதி தட்டிய முதியவரை எந்த வேலையிலும் சேர்க்காமல் திண்ணையில் உட்கார வைத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். இது சரியல்ல. காலையில் சாப்பிட்டதை மறப்பவருக்கும் பல ஆண்டு பழகிய கைவேலை எளிதில் மறப்பதில்லை.

விதைக் கடலை உடைப்பதை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தில் உடைத்தால் பருப்பின் தோல் உரிந்து, முளைக்கும் முனை அடிபட்டு, முளைப்புத்திறன் குறையும். கையால் உடைப்பதே நல்லது. விதைப்புக்கு ஓரிரு வாரம் முன்பு, அக்கம்பக்கத்தாரின் விதைக் காய்களையும் உடைத்துத் தர இவர்களை அழைக்கலாம். சுருங்கிய பருப்பு, சொத்தைப் பருப்பு எல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், கூடவே பழகிய ஒருவர் இருந்தால் போதும். மூட்டைக் கணக்கை மற்றவர் பார்க்கட்டும். விதை நேர்த்தி மருந்தும், மருந்து கலந்த விதையும் அவர் கைக்கு எட்டவே கூடாது. மறதியில் வாயில் போட்டுவிட்டால் ஆபத்து.

மறதி புதிதாகத் தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

கடலை முளைத்ததும் அவரை வயலுக்கு அழைத்துப் போங்கள். உடைத்துக் கொடுத்தது நினைவில் இல்லாவிட்டாலும், முளைப்பு எப்படி என்று அவரே சொல்வார்.